மீன்பிடிப் பாலமும் சக்கர வீடுகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வயோமிங் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,700 அடி உயரத்தில் உள்ள யெல்லோஸ்டோன் ஏரியிலிருந்து அதே பெயருடைய ஆறு வெளியேறும் இடத்தில், 1937இல் கட்டப்பட்ட ஒரு மரப்பாலம் நிற்கிறது. அதன் பெயர் ஃபிஷிங் பிரிட்ஜ், அதாவது மீன்பிடிப் பாலம். ஆனால் 1973 முதல் அந்தப் பாலத்தின்மேல் நின்று மீன் பிடிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, படுக்கையும் அடுப்பும் குளியலறையும் கொண்ட சக்கர வீடுகள் வரிசையாக நிறுத்தப்படும் திடல் ஒன்று உண்டு. கோடைக்காலத்தில் கணவனும் மனைவியுமாக அத்தகைய வண்டியில் வந்து, நாளுக்கொரு நீரோடை என்று அவசரமில்லாமல் டிரவுட் மீனைத் தேடிச் செல்லும் வழக்கம் அமெரிக்க மேற்கு மாநிலங்களில் வேரூன்றிய ஒன்று. அந்த வழக்கம் எப்படி உருவானது, அது எந்த மீனை நம்பி வளர்ந்ததோ அந்த மீனுக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த ஒரு பாலத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

டிரவுட் என்பது குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த ஓடும் நீரில் வாழும் மீன்களின் ஒரு கூட்டத்துக்குப் பொதுப்பெயர். சால்மன் மீனுக்கு நெருங்கிய உறவு. தமிழ் வாசகர்களில் நீலகிரியை அறிந்தவர்கள் அவலாஞ்சியில் உள்ள டிரவுட் பொரிப்பகத்தைக் கேள்விப்பட்டிருக்கலாம். ஆங்கிலேய ஆட்சிக்காலத்தில் அங்குள்ள ஓடைகளில் விடப்பட்ட வானவில் டிரவுட்டும் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைப் பூர்வீகமாகக் கொண்டதே. யெல்லோஸ்டோன் ஏரிக்கு உரிய மீன் அதுவல்ல. கீழ்த்தாடையின் அடியில் கத்தியால் கீறியதுபோல் ஒரு செந்நிறக் கோடு இருப்பதால் கட்த்ரோட், அதாவது கழுத்தறுபட்டது என்ற பெயரைப் பெற்ற டிரவுட்தான் அங்கே ஆதிக்குடி. இந்த மீன் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்த வழியே வியப்புக்குரியது. கண்டத்தின் நீரைக் கிழக்கே அட்லாண்டிக் பக்கமும் மேற்கே பசிபிக் பக்கமும் பிரித்து அனுப்பும் மலைமுகட்டில் டூ ஓஷன் பாஸ் என்றொரு கணவாய் இருக்கிறது. அங்கே ஒரே ஓடை இரண்டாகப் பிரிந்து இரண்டு பெருங்கடல்களையும் நோக்கி ஓடுகிறது. பனியூழி முடிந்து பனிப்பாளங்கள் பின்வாங்கிய பிறகு, பசிபிக் பக்கத்து ஸ்னேக் ஆற்றிலிருந்து அந்த ஓடை வழியே ஏறி, மறுபக்கம் இறங்கி, இந்த மீன்கள் யெல்லோஸ்டோன் ஏரியை நிரப்பின என்பது அறிஞர் துணிபு. ஏரிக்கரையில் முகாமிட்டு வாழ்ந்த பூர்வகுடி மக்களின் தடயங்களும் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. ஆகவே அந்தக் கரையில் தங்கிச் செல்லும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர்.

1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, அதன் நீர்நிலைகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டில் மீனே இல்லை. உயரமான அருவிகளைத் தாண்டி மீன்கள் மேலேற முடியாததே அதற்குக் காரணம். அன்றைய நிருவாகிகளின் கண்ணுக்கு இது இயற்கையின் அமைப்பாகத் தெரியவில்லை, குறையாகத் தெரிந்தது. பூங்காவை நிருவகித்த இராணுவ அதிகாரியான கேப்டன் பௌட்டெல், பயணிகளின் மகிழ்ச்சிக்காக இந்த நீர்நிலைகளில் மீன் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ள, 1889இல் ஐக்கிய நாடுகளின் மீன் ஆணையம் அதற்கு இசைந்தது; புகழ்பெற்ற மீனியலாளர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் அதே ஆண்டு வந்து நீர்நிலைகளை ஆய்வு செய்தார். ஃபயர்ஹோல் ஆற்றின் மேற்பகுதியில் கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த புரூக் டிரவுட் விடப்பட்டது. 1890இல் லூயிஸ் ஏரியிலும் ஷோஷோன் ஏரியிலும் லேக் டிரவுட் என்னும் பெருமீன் விடப்பட்டது. ஆழ்நீரில் வாழ்ந்து பிற மீன்களைத் தின்று பருக்கும் இனம் அது. அந்த இரண்டு ஏரிகளும் பசிபிக் பக்கம் வடியும் ஸ்னேக் ஆற்றின் வடிநிலத்தைச் சேர்ந்தவை. யெல்லோஸ்டோன் ஏரியோ அட்லாண்டிக் பக்கம் வடிவது. அதனால் அன்று யாரும் அஞ்சவில்லை. நூறாண்டு கழித்து வந்த இழப்பின் விதை அந்த ஆண்டில்தான் ஊன்றப்பட்டது.

பயணிக்கு மீன் ஓர் உபசாரப் பொருள் என்ற இந்த எண்ணம் வேறொரு தொழிலையும் வளர்த்தது. கட்த்ரோட் டிரவுட் ஏரியில் வாழ்ந்தாலும், பனி உருகும் மே மாத இறுதியிலிருந்து ஜூலை வரை ஏரியில் கலக்கும் சிற்றோடைகளில் ஏறிச் சரளைக்கற்களின் இடுக்கில் முட்டையிடும். அந்த ஓடைகளின் குறுக்கே தடுப்புகளை அமைத்து, சினை முற்றிய பெண்மீன்களை நிறுத்திப் பிடித்தார்கள். ஒருவர் மீனின் தலையையும் வாலையும் வளைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் வயிற்றை மெல்ல நீவி வாலை நோக்கி இழுப்பார். ஆரஞ்சு நிற முட்டைகள் சரஞ்சரமாகத் தட்டில் விழும். அதன்மேல் ஆண்மீனின் விந்தைப் பிழிந்து கலந்து, பின்னர் நீரூற்றிக் கழுவி, கருவுற்ற முட்டைகளைத் தட்டுகளில் அடுக்கிப் பொரிப்பகத்துக்கு அனுப்புவார்கள். 1899 முதல் 1950களின் பிற்பகுதி வரை யெல்லோஸ்டோன் ஏரியின் மீன்களிலிருந்து எடுக்கப்பட்ட முட்டைகள் 80 கோடிக்கும் மேல். அவற்றில் ஒரு பகுதி பூங்காவின் பிற நீர்நிலைகளுக்கும், பெரும்பகுதி தொலைதூர மாநிலங்களுக்கும் போயிற்று. எடுக்க எடுக்கக் குறையாத களஞ்சியம் என்று ஓர் ஏரியை மனிதர் கருதியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பூங்காவுக்கு வந்த பயணிகள் அக்காலத்தில் விரும்பினாலும் விரைந்து செல்ல முடியாது. இருப்புப்பாதை நிலையத்தில் இறங்கியவர்கள் குதிரைகள் பூட்டிய பயண வண்டியில் ஏறி, விடுதிக்கு விடுதி தங்கி, ஐந்து நாட்களுக்குக் குறையாமல் சுற்றி வந்தார்கள். பணம் படைத்தவர்களின் முறை அது. வில்லியம் வைலி என்ற பள்ளி ஆசிரியர் 1880களில் தொடங்கிய முகாம் நிறுவனம், விடுதிக்கு மாற்றாகக் கோடிட்ட துணிக்கூடாரங்களில் பயணிகளைத் தங்கவைத்து நடுத்தர மக்களையும் ஈர்த்தது. மூன்றாவது வகையினர் சொந்த வண்டியில், சொந்தக் குதிரைகளுடன், மாவும் பன்றிக்கறியும் வாணலியும் ஏற்றிக்கொண்டு வந்த உழவர்களும் சிறு வணிகர்களும். பெரும்பாலும் மனைவி மக்களுடன் வந்தவர்கள். பூங்காப் பணியாளர்கள் இவர்களைச் சேஜ்பிரஷர் என்று அழைத்தார்கள். சேஜ்பிரஷ் என்பது அந்த வறண்ட மேட்டுநிலமெங்கும் மண்டிக் கிடக்கும் சாம்பல்நிறக் குத்துச்செடி. அதனிடையே படுத்துறங்குபவர்கள் என்பது பெயரின் பொருள். புல்லும் நீரும் இருக்கும் இடத்தில் குதிரையை அவிழ்த்துவிட்டு, அது மேய்ந்து களைப்பாறும் வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், இவர்கள் ஓரிடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவது இயல்பு. காத்திருக்கும் நேரத்தில் ஓடையில் தூண்டில் போட்டார்கள், பிடித்ததைச் சமைத்தார்கள். வலையும் பிற கருவிகளும் 1883இலேயே விலக்கப்பட்டுத் தூண்டில் மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது. இன்றைய சக்கர வீட்டுப் பயணத்தின் உண்மையான முன்னோர் விடுதியில் தங்கிய சீமான்கள் அல்லர், இந்தச் சேஜ்பிரஷர்களே. அவர்களின் நிதானத்தை விதித்தது குதிரையின் வயிறு. அவர்களின் பேரன்மார்களோ அதே நிதானத்தை விரும்பித் தேர்ந்துகொண்டார்கள்.

பாலத்தின் வரலாறும் இக்காலத்திலேயே தொடங்குகிறது. இராணுவப் பொறியாளர் ஹைரம் சிட்டெண்டன் பூங்காவின் சாலைகளை அமைத்தபோது, ஏரியின் வடிகாலில் 1902இல் மரக்கட்டைகளால் முதற் பாலம் எழுப்பப்பட்டது. பாலத்தின் கீழுள்ள ஆற்றுப் படுகையே கட்த்ரோட் மீன்கள் முட்டையிடும் இடங்களுள் ஒன்று. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தால் தெளிந்த நீரில் பெரிய மீன்கள் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்பது தெரியும். நீரில் இறங்க வேண்டாம், படகு வேண்டாம், பயிற்சி வேண்டாம், கோலை நீட்டினால் போதும். அந்த எளிமைதான் அந்த இடத்தின் புகழுக்கும் அதன் கேட்டுக்கும் ஒருங்கே காரணமாயிற்று.

1915 ஆகஸ்ட் 1 அன்று மோட்டார் வண்டிகள் பூங்காவுக்குள் அனுமதிக்கப்பட்டன. குதிரைகள் மிரளாமல் இருக்க, கார்கள் குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் அடுத்த சோதனைச் சாவடியை அடைய வேண்டும் என்று விதி இருந்தது. ஆயினும் இரண்டே ஆண்டில், 1917இல், குதிரை வண்டிகளே விடைபெற்றுக்கொண்டன. காரின் பக்கவாட்டில் ஒரு துணியைக் கட்டி மறுமுனையைத் தரையில் முளையடித்தால் கூடாரம். காரின் நடைபலகையே அடுக்களை மேடை. 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் கூடிய முகாம் பயணிகள் தங்களுக்கு டின் கேன் டூரிஸ்ட்ஸ் என்று பெயரிட்டுச் சங்கம் வைக்கும் அளவுக்கு இந்த வழக்கம் நாடு முழுதும் பரவிற்று. 1930களில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் என்னும் சக்கர வீடு வந்தது. வாலி பையம் வடிவமைத்த ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வெள்ளிநிற அலுமினிய உருளைகள் இன்றும் அந்தக் காலத்தின் அடையாளமாக நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டியின் முதுகில் ஏற்றும் கேம்பர் அறையும், 1966 முதல் அயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனத்தின் மோட்டார் இல்லமும் வந்து சேர்ந்தன.

இந்த வண்டிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் பொதுவாக எஞ்சினையும் அலுமினியத்தையுமே பேசுகிறார்கள். அவற்றுக்குள் இருந்த குடும்பத்தின் அளவு மாறியது போதிய கவனம் பெறவில்லை. கூடாரக் காலத்தில் பயணம் பிள்ளைகளோடு கூடியது. சமூகக் காப்பு ஓய்வூதியச் சட்டம் 1935இல் வந்து, போருக்குப் பிந்தைய வளம் அதனோடு சேர்ந்தபின், பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்ட இருவர் மட்டும் வாரக்கணக்கில் சாலையில் வாழ்வது பொதுமக்களுக்கும் எட்டும் காரியமாயிற்று. இருவர் படுக்க ஒரு கட்டில், இருவர் அமர ஒரு மடக்கு மேசை, இருவருக்கு ஒரு கெட்டில் என்று வண்டியின் உள்ளமைப்பே இணையரை மனத்தில் வைத்துச் சுருங்கிற்று. அறுபத்திரண்டு வயது கடந்தவர்களுக்கு வாழ்நாள் முழுதும் தேசியப் பூங்காக்களில் இலவச நுழைவும் முகாம் கட்டணத்தில் பாதித் தள்ளுபடியும் தரும் அனுமதிச் சீட்டு 1970களில் நடைமுறைக்கு வந்தது, இந்தப் பயணிகளின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியிருந்தது என்பதைக் காட்டும்.

இவர்கள் தங்கிய பள்ளத்தாக்குகளில் ஒன்று மறக்கத் தகாதது. பூங்காவுக்குள் பிறந்து மேற்கே மொண்டானா மாநிலத்துக்குள் பாயும் மாடிசன் ஆறு டிரவுட் மீனுக்குப் பேர்போனது. அதன் குறுகிய மலைப்பிளவுக்குள் கரையோரமாக முகாம்கள் இருந்தன. 1959 ஆகஸ்ட் 17 இரவு 11 மணி 37 நிமிடத்துக்கு, கோடைக் கூட்டம் டிரெய்லர்களிலும் கூடாரங்களிலும் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், 7க்கு மேற்பட்ட அளவில் நிலம் நடுங்கிற்று. ஆற்றின் தென்புற மலைச்சரிவு பெயர்ந்து, ஏறத்தாழ 8 கோடி டன் பாறையும் மண்ணும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் ஏறின. அந்தச் சரிவு முன்தள்ளிய காற்றே கார்களைப் புரட்டிப் போட்டது. இறந்தவர்கள் 28 பேர். அவர்களில் பெரும்பாலோரின் உடல் இன்றும் அந்தப் பாறைக் குவியலின் கீழேயே இருக்கிறது. ஆறு அடைபட்டுப் பின்னால் ஒரு புதிய ஏரி எழுந்தது. குவேக் லேக், அதாவது நிலநடுக்க ஏரி என்று அதற்குப் பெயர். நீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் அதன் நடுவே நின்றபடியே இருக்க, மீன்பிடிப்போர் இன்று அவற்றினூடே படகு செலுத்துகிறார்கள்.

மாடிசன் ஆற்றுக்கு வந்த பயணிகளின் கைத்தொழில் மையம் பூங்காவின் மேற்கு வாயிலில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற சிற்றூர். ஃபிளை எனப்படும் பொய்ப்பூச்சியைத் தூண்டில் முள்ளில் கட்டி, அதை நீர்மேல் உண்மைப் பூச்சிபோல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றிப் பிடிக்கும் கலை அங்கே ஒரு தொழிலாக வளர்ந்தது. முள்ளைச் சிறு இடுக்கியில் பொருத்தி, கோழியின் கழுத்து இறகையும் மான் மயிரையும் நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். விரல் நுனியின் பொறுமைதான் அதில் மூலதனம். போருக்குப் பின் பாட் பார்ன்ஸ் என்பவரும் அவர் மனைவி சிக் பார்ன்ஸும் அவ்வூரில் நடத்திய கடையில், ஃபிளை கட்டும் வேலையில் மனைவியின் கைக்குப் பெரும் பங்கு இருந்தது. வடக்கே லிவிங்ஸ்டன் நகரில் 1938இல் டேன் பெய்லி தொடங்கிய கடையிலும் வரிசையாக அமர்ந்து ஃபிளை கட்டியவர்கள் பெண்களே. டிரவுட் பிடிப்பதை ஆண்களின் தனிக்களமாகச் சித்திரிக்கும் நூல்கள் இந்தக் கைகளைக் கணக்கில் எடுக்கத் தவறியது பெரிய குறை.

1950களின் தொடக்கத்தில் அதே ஊரில் கடை நடத்த வந்த பட் லில்லி என்ற ஆசிரியர், பிடித்த மீனைக் காயப்படுத்தாமல் திரும்ப நீரில் விடும் வழக்கத்தைத் தம் வாடிக்கையாளர்களிடம் விடாமல் வலியுறுத்தினார். பை நிறைய மீனோடு திரும்புவதே திறமைக்கு அளவுகோலாக இருந்த காலத்தில் மீன் விற்பனையை நம்பியல்ல, மீன்பிடி ஆவலை நம்பிக் கடை நடத்தியவர் இப்படிப் பேசியது துணிச்சலான செயல். அறிவியலும் அவர் பக்கம் வந்தது. மொண்டானாவின் மீனியலாளர் டிக் வின்சென்ட் 1960களின் பிற்பகுதியில் மாடிசன் ஆற்றில் நடத்திய ஆய்வு, பொரிப்பகத்தில் வளர்த்த மீன்களை விடுவதால் ஆற்றில் தானாகப் பிறந்த டிரவுட் குறைகிறது என்றும், விடுவதை நிறுத்தியதும் பெருகுகிறது என்றும் காட்டியது. 1974இல் மொண்டானா, தானாகவே டிரவுட் வாழக்கூடிய ஆறுகளில் மீன் விடுவதை நிறுத்திவிட்டது. முட்டையைப் பிழிந்து மூட்டை கட்டி அனுப்பிய காலத்தின் நம்பிக்கை அத்துடன் முறிந்தது.

பாலத்திலோ கணக்கு வேறுவிதமாக ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவுக்கு 1915இல் ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர் வந்தார்கள். 1948இல் ஆண்டு வருகை பத்து லட்சத்தைத் தாண்டியது, 1965இல் இருபது லட்சத்தை. பாலத்தின் இருபுறமும் தோளோடு தோள் நின்று, கோல்கள் ஒன்றோடொன்று சிக்க, குழந்தைகள் முதல் முதியவர் வரை மீன் பிடித்தார்கள்; முட்டையிட வந்த மீன்களையே பிடித்தார்கள் என்பதுதான் வேதனை. ஒருவர் ஒரு நாளில் எடுத்துச் செல்லக்கூடிய மீன்களின் எண்ணிக்கை பலமுறை குறைக்கப்பட்டும் மீன் குறைவது நிற்கவில்லை. 1973இல் பாலத்தில் மீன்பிடிப்பு முற்றாக நிறுத்தப்பட்டது. தூண்டில்கள் அகன்ற பின்னும் கூட்டம் கலையவில்லை. அதே கைப்பிடிச் சுவரில் அதே மக்கள் சாய்ந்து, கீழே நிற்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் அளவிலும் எண்ணிக்கையிலும் மீண்டது. ஏரியில் கலக்கும் கிளியர் கிரீக் என்ற ஒரே ஓடையில் 1978இல் முட்டையிட ஏறிய மீன்கள் 70,000க்கும் மேல்.

அந்த ஓடையில் 2007இல் எண்ணப்பட்டவை ஏறத்தாழ 500. இடையில் நேர்ந்தது இது: 1994 கோடையில் யெல்லோஸ்டோன் ஏரியில் ஒரு லேக் டிரவுட் பிடிபட்டது. 1890இல் லூயிஸ் ஏரியில் விடப்பட்ட மீன்களின் வழித்தோன்றல் அது. வடிநிலம் வேறாகையால் யாரோ கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும் என்பது மீனின் காதெலும்பில் படிந்திருந்த வேதிப்பொருட்களை ஆய்ந்தவர்களின் முடிவு. நீர்வாழ் ஒட்டுண்ணியால் வரும் சுழல்நோயும் 1998இல் அங்கே கண்டறியப்பட்டுக் கட்த்ரோட் குஞ்சுகளை மேலும் நலிவித்தது. ஒரு மீன் போய் இன்னொரு மீன் வந்ததென்று இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. கட்த்ரோட் ஆழமற்ற ஓடைகளில் ஏறுவதால் கிரிஸ்லி கரடிக்கும், நீர்நாய்க்கும், விராலடிப்பான் பருந்துக்கும் உணவாயிற்று. லேக் டிரவுட்டோ ஏரியின் ஆழத்திலேயே வாழ்ந்து ஏரிக்குள்ளேயே முட்டையிடுவதால் அவற்றின் வாய்க்கு எட்டாது. ஓடைகளில் மீன் அற்றுப்போனபோது கரடிகள் வேறு இரை தேடிச் சென்றன.

இன்று அந்த ஏரியில் தூண்டில் போடுபவர் இரண்டு விதிகளை ஒருங்கே கடைப்பிடிக்க வேண்டும்: கட்த்ரோட் சிக்கினால் உயிரோடு விட வேண்டும், லேக் டிரவுட் சிக்கினால் கொன்றுவிட வேண்டும். பாலத்தருகே உள்ள திடலில், கரடி நடமாட்டத்தின் காரணமாகத் துணிக்கூடாரத்துக்கும் துணிச்சுவர் கொண்ட வண்டிக்கும் இடமில்லை. கெட்டிச் சுவருள்ள சக்கர வீடுகளுக்கு மட்டுமே அனுமதி. பனி உருகியதிலிருந்து இலையுதிர் காலம் வரை செவுள் வலைகளுடன் படகுகள் ஏரியில் இயங்குகின்றன. செவுள் வலை என்பது மீன் தலையை நுழைத்ததும் அதன் செவுளில் மாட்டிக்கொள்ளும் கண்ணி வலை. இதுவரை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட லேக் டிரவுட்கள் அகற்றப்பட்டிருக்கின்றன. கட்த்ரோட் மெல்ல மீண்டு வருகிறது. கொல்லப்பட்ட மீன்களைப் பூங்கா வெளியே கொண்டுபோய் விற்பதில்லை. அவற்றின் சத்து ஏரிக்கே உரியது என்று கருதி, உடல்களை ஏரியின் ஆழத்திலேயே அமிழ்த்துகிறார்கள். சில வேளை லேக் டிரவுட் முட்டையிட்ட பாறைத் திட்டுகளின்மேலேயே அவற்றைப் பரப்புகிறார்கள். அழுகும் உடல்கள் சுற்றியுள்ள நீரின் உயிர்வளியை உறிஞ்சிவிட, அடியில் கிடக்கும் முட்டைகள் பொரியாமலே மடிகின்றன.